கடலோர ஊர்களில் வண்டிக்குக் கூலன்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இந்தப் பக்கம் மண்டபம் தாண்டி இராமேஸ்வரம் வரை வண்டி வைத்திருப்பவர்கள் கூலன்ட் பற்றி, அதாவது எஞ்சினுக்குள் சுற்றி அதன் சூட்டை ரேடியேட்டரில் இறக்கும் திரவம் பற்றி, திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கார், மீன் ஏற்றும் பிக்கப், குட்டியானை, லாரி, விசைப்படகு எல்லாம் கலந்து வரும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உங்கள் வண்டியோடு வந்த கையேடு வேறு மாதிரி சொன்னால், கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

அண்ணே, நம்ம ஊர்ல பனியே விழறதில்ல. அப்புறம் எதுக்கு கூலன்ட்? பச்சத் தண்ணி போதாதா?

பாட்டிலில் "ஆன்ட்டிஃபிரீஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வரும் சந்தேகம். நியாயமானதுதான். கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. லடாக்கில் ஓடும் வண்டிக்கு அது வேண்டும். உச்சிப்புளியில் ஓடும் வண்டிக்கு என்ன பயன்? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்குவதில் வெறும் தண்ணீர்தான் மேல். கிளைக்கால் சேரச் சேர அந்தத் திறன் குறையும்.

ஆனாலும் கூலன்ட் வேண்டும். ஒரு காரணம் கொதிநிலை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதிக் கலவை சுமார் 107-ல். ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் தண்ணீர் 120-ஐ ஒட்டியும் கலவை 130-ஐ ஒட்டியும் போய்த்தான் கொதிக்கும். சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு பாம்பன் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்தப் பத்து டிகிரி கைகொடுக்கும்.

இரண்டாவது காரணம்தான் நம் ஊருக்கு முக்கியம்: துரு. எஞ்சினுக்குள் வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், அலுமினியமோ பித்தளையோ ஆன ரேடியேட்டர், ஈயப் பற்று, இரும்புக் குழாய் எல்லாம் ஒரே தண்ணீரில் முங்கிக் கிடக்கின்றன. வேறு வேறு உலோகங்கள் ஒரே நீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி. ஏதாவது ஒன்று அரிக்கப்பட்டே தீரும், பெரும்பாலும் அலுமினியம். நீரில் உப்பு கூடினால் மின்சாரம் கடத்துவது கூடும், அரிப்பும் வேகமெடுக்கும். கூலன்ட்டில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகள் இதைத்தான் தடுக்கின்றன. விலை கொடுத்து நாம் வாங்குவது முதலில் அந்த மருந்தைத்தான். சூடு குறைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்க போர் தண்ணி உப்பு. ஆனா காவிரித் தண்ணி குழாய்ல வருது. அதைக் கலந்துக்கலாமா?

குடிக்க நல்ல தண்ணீர் வேறு, ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர் வேறு. ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. குளோரைடு 250, வழியில்லாவிட்டால் 1000. கடினத்தன்மை 200, வழியில்லாவிட்டால் 600. இப்போது மறுபக்கம் பாருங்கள். கூலன்ட்டில் கலக்கும் தண்ணீருக்குக் கனரக டீசல் எஞ்சின் தயாரிப்பாளர்கள் பொதுவாக வைக்கும் எல்லை: மொத்த உப்பு 340, கடினத்தன்மை 170, குளோரைடு வெறும் 40. கார்களுக்கு இதைவிடக் கறாராகவே கேட்கிறார்கள். அதாவது, அரசு "தாராளமாகக் குடிக்கலாம்" என்று சொல்லும் தண்ணீரே எஞ்சினுக்கு ஆகாமல் போகலாம்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் நம் கிணறுகளோடு ஒப்பிட்டால் அமிர்தம்தான். ஆனால் பல வீடுகளில் அது நேராக வண்டிக்கு வருவதில்லை; போர் தண்ணீரும் அதுவும் ஒரே சம்பில் கலந்துதான் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேனா அளவுதான் இருக்கும். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்ய வரும் தம்பியின் சட்டைப் பையில் பார்த்திருப்பீர்கள். டம்ளரில் முக்கினால் எண் காட்டும். கடலோரத்து உவர்க்கிணறு பலவற்றில் அது ஆயிரங்களில் போய் நிற்கும். கடல்நீர் என்றால் சுமார் 35,000.

உப்புத் தண்ணீர் இரண்டு விதமாகக் கெடுக்கிறது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு காப்புப் படலம் உண்டு. குளோரைடு அதை அங்கங்கே உடைத்து ஊசி முனை அளவுக்குக் குழி தோண்டும். குழி ஆழமாகி ஒரு நாள் மறுபக்கம் வரும். கடினத்தன்மை வேறு வேலை செய்கிறது: கால்சியம், மக்னீசியம் உப்புகள் எஞ்சினில் எந்த இடம் அதிகச் சூடோ அங்கேயே, ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, சுண்ணாம்பாய்ப் படியும். சூடு வெளியேற வேண்டிய இடத்திலேயே போர்வை போர்த்தியாகிவிடுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை "கொஞ்சம்தானே குறையுது" என்று அரை லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே நிற்கிறது. வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியில் நடப்பதுதான் ரேடியேட்டருக்குள்ளும் நடக்கிறது, மெதுவாக.

எனவே என் பதில்: கலவையாகவே வரும் பாட்டிலை வாங்குங்கள். கலந்துகொள்வதாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரோ உப்பு நீக்கிய டீமினரலைஸ்டு வாட்டரோ வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

பேட்டரி தண்ணி, ஏசி தண்ணி, கேன் தண்ணி, மழைத் தண்ணி?

பேட்டரி தண்ணீர் சரி, ஆனால் அது நிஜமாகவே டிஸ்டில்டா என்று மீட்டரில் ஒருமுறை பாருங்கள். எண் பத்துக்குள் இருக்க வேண்டும். கேன் தண்ணீர் வழியில் அவசரத்துக்கு நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் ஏசிக்குள் இருக்கும் தூசியும் பாசியும் சேர்ந்து வரும். அதைப் பிடித்து ஊற்றும் அளவுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். மழைத் தண்ணீரும் அப்படியே. கடலோரக் கூரையில் உப்புக்காற்று என்ன படிய வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

பச்சை, சிவப்பு, நீலம்னு இருக்கே. எந்தக் கலர் நல்லது?

கலர் சாயம். எந்தக் கலர் என்ன வகை என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் உள்ளே வேறு வேறாக இருக்கலாம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் துருத்தடுப்பு மருந்து எந்த இனம் என்பதை.

பழைய இனம் சிலிகேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகளால் ஆனது. உலோகத்தின் உட்பக்கம் முழுவதும் ஒரு படலம் போர்த்தும். வேலையில் இறங்குவது வேகம், தீர்ந்து போவதும் வேகம். இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்பது இதற்குப் பொதுவான ஆயுள். பித்தளை ரேடியேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு இதுதான் பழக்கம். அடுத்த இனம் கரிம அமிலத்தால் ஆனது. எல்லா இடத்தையும் போர்த்தாமல், அரிப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே போய் வேலை செய்வதால் ஐந்து வருடம் வரை தாங்கும். சிவப்பு, ஆரஞ்சு, பிங்க் நிறங்களில் அடிக்கடி பார்ப்பது இதை. மூன்றாவது, இரண்டையும் கலந்த கலப்பினம்.

கலப்பினத்திலும் இரண்டு குடும்பம். ஐரோப்பியக் கம்பெனிகள் பெரும்பாலும் கரிம அமிலத்தோடு சிலிகேட் சேர்ப்பார்கள், பாஸ்பேட்டை ஒதுக்குவார்கள். ஜப்பான், கொரியாக் கம்பெனிகள் பாஸ்பேட் சேர்ப்பார்கள், சிலிகேட்டை ஒதுக்குவார்கள். ஐரோப்பாவின் கடினத் தண்ணீரில் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து மண்டியாய்ப் படியும் என்பது அவர்களுக்கு ஒரு காரணம். நம் கவலையும் அதுதான். இங்கே வீட்டுக்கு வீடு நிற்கும் கார்களில் நிறைய, ஜப்பான் கொரியா வழி வந்தவை. பாஸ்பேட் கூலன்ட்டைப் போர் தண்ணீரில் கலந்தால் மருந்தும் வீண், மண்டியும் மிச்சம்.

ரெண்டு கலரைக் கலந்தா வெடிச்சிருமா?

வெடிக்காது. ஆனால் மருந்துகள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ஐந்து வருடம் ஓட வேண்டியது இரண்டு வருடத்தில் செத்துப்போகும். சில ஜோடிகள் கூழாகி ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். உள்ளே எது இருக்கிறது என்றே தெரியாத பழைய வண்டியை வாங்கியிருந்தால் முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

கடையில பாட்டிலைக் கையில எடுத்தா எதைப் பார்க்கணும்?

பின்பக்கத்துச் சின்ன எழுத்தை. ஐ.எஸ். 5759 இந்தியத் தரம், ஜே.ஐ.எஸ். கே 2234 ஜப்பான் தரம், ஏ.எஸ்.டி.எம். டி 3306 கார்களுக்கான அமெரிக்கத் தரம், டி 6210 கனரக டீசலுக்கானது. இதில் ஒன்றாவது அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் கையேடு கேட்கும் எண்ணும் அதில் இருந்தால் வாங்கலாம். தர எண்ணும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை, "சூப்பர் கூல்" என்று பெரிய எழுத்து மட்டும் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் சாயத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் ஒரு கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அப்படிப்பட்ட பாட்டிலைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரோஸ்மில்க்கே ஊத்தலாமே" என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது, கலந்ததா கலக்க வேண்டியதா. சில பாட்டில்கள் அப்படியே ஊற்ற வேண்டியவை. சிலவற்றில் இத்தனை பங்கு தண்ணீர் சேர் என்று இருக்கும். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே கலரில், ஒரே மாதிரி பாட்டிலில் நிற்கும். தயார்க் கலவையில் மறுபடி தண்ணீர் சேர்த்து ஓட்டுகிறவர்கள் இங்கே நிறைய.

எவ்வளவு கலக்கணும்? பனி இல்லாத ஊர்னா கம்மியா ஊத்தலாமா?

கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் எல்லை உண்டு. துருத்தடுப்பு மருந்து கிளைக்காலோடுதான் வருகிறது. அதைக் குறைத்தால் மருந்தும் குறையும். பல தயாரிப்பாளர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டாம் என்கிறார்கள். மேலே போனாலும் கெடுதல்: சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், சூட்டையும் சரியாகக் கடத்தாது. "தண்ணி கலக்காம ராவா ஊத்தினேன், நல்லா இருக்கும்ல" என்று கேட்பவர்களுக்குப் பதில், இருக்காது. மூன்றில் ஒன்று முதல் பாதி வரை. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் அளவு தெரியும். நல்ல பட்டறைகளில் இருக்கும்.

எப்ப மாத்தணும்? பார்த்தா சுத்தமாத்தான் இருக்கு.

பார்வையை நம்ப வேண்டாம். சாயம் இருக்கும்போதே மருந்து தீர்ந்திருக்கும். மேலே சொன்ன ஆயுள் கணக்கையும் கையேட்டையும் வைத்து மாற்றுங்கள். இடையில் எப்போதாவது உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அந்த வாரமே மாற்றுங்கள்.

கெட்டுவிட்ட கூலன்ட் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், குழாய்த் தண்ணீரிலேயே வளர்ந்த ஒரு மீன் பிக்கப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியின் அடிப்பக்க ரப்பரில் செம்மண் நிறத்தில் வழுவழுப்பு. கழுத்துக்குள் விரலை விட்டு வழித்தால் நகத்துக்கடியில் ஏறும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை இழுத்தால் வராது, முறுக்கித்தான் எடுக்க வேண்டும். உள்ளே அலுமினியக் குழாயின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து ஹோஸோடு ஒட்டியிருக்கும். பொடியைச் சுரண்டிவிட்டு நகத்தை ஓட்டினால் குழிகளில் நகம் தட்டும். புதுக் கிளிப் போட்டாலும் அந்த இடத்தில் கசிவு நிற்காது, ஏனென்றால் ரப்பர் உட்காரச் சமதளமே இல்லை. அந்தக் குழாயை மாற்ற வேண்டியதுதான்.

நானே மாத்திக்கலாமா?

கை வேலை தெரிந்தால் செய்யலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கீழே வாளி வைத்து ரேடியேட்டரின் வடிகுழாயைத் திறங்கள். எஞ்சின் பிளாக்கிலும் வடிகட்ட ஒரு போல்ட் இருக்கும்; அதைத் திறக்காவிட்டால் பழையது நிறைய உள்ளேயே தங்கும். பிறகு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவைத்து, இறக்குங்கள். வருவது தெளிவாகும் வரை. செம்மண்ணாகவே வந்துகொண்டிருந்தால் நிறுத்திவிட்டு ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்; வீட்டுவாசலில் அது தீராது.

புதிதை மெதுவாக ஊற்றுங்கள். பலர் சொதப்புவது இதற்கு அப்புறம்தான்: காற்று. உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் டேங்க் நிறைந்தது போலத் தெரியும், ஹெட்டில் ஒரு மூலை காய்ந்து கிடக்கும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து விடுங்கள். முன்பக்கம் சற்று மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டால் குமிழி மேலே வரும். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

கீழ சொட்டே இல்ல, ஆனா குறைஞ்சுகிட்டே போகுது. எங்க போகுது?

முதல் சந்தேகம் மூடியின் மேல். விலை குறைந்த சாமான், அதனால் யாரும் அதைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, ஆவி வெளியே போகும். மாற்றும்போது பழைய மூடியின் மேல் அச்சாகியிருக்கும் அழுத்த எண்ணையே வாங்குங்கள். அதிக எண் போட்டால் நல்லது என்று நினைத்துப் போட்டால் பழைய ஹோஸ் பிளந்துவிடும்.

அடுத்தது வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. சீல் போனால் அதன் வழியாகக் கசிந்து, சூட்டில் அங்கேயே காய்ந்து, நிறக் கோடு மட்டும் மிஞ்சும். தரையில் சொட்டு விழாது. டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றாவதை யாரும் கேட்க விரும்புவதில்லை: பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாடை, ரிசர்வ் டேங்கில் நிற்காத குமிழி, ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்தது போன்ற ஆயில். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

ரேடியேட்டர் ஒழுகுச்சு, டிரைவர் மஞ்சத்தூள் போட்டார், நின்னுருச்சு. அப்படியே விட்டுரலாமா?

வழியில் நின்ற வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்கும் வைத்தியம் அது, பழைய லாரிக்காரர்கள் கண்டது. ஓட்டையை அடைக்கும் தூள், ஓட்டை இல்லாத குழாயையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் மருந்துக்கும் இதே பேச்சு. ஊர் வந்து சேர்ந்ததும் கழுவி எடுத்து, ரேடியேட்டருக்குப் பற்று வையுங்கள் அல்லது மாற்றுங்கள்.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டார். "நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல"ன்னு சொல்றார்.

இந்தக் கரை முழுக்க ஓடும் பழக்கம் இது, எனக்கு அறவே பிடிக்காது. தெர்மோஸ்டாட் பல எஞ்சின்களில் 80-90 டிகிரிக்கு இடையே திறக்கும். அதுவரை மூடி வைத்து எஞ்சினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. கழற்றினால் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டிலேயே ஓடும்: டீசல் கூடச் செலவாகும், ஆயிலில் கசடு சேரும், தேய்மானம் கூடும். வேடிக்கை என்னவென்றால், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாது, வண்டி முன்னைவிடச் சூடாகும். சந்தேகமா, கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

தனுஷ்கோடி போற வழியில முள் சிவப்புக்குப் போயிருச்சு. என்ன செய்யணும்?

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள், ஓரம் கட்டுங்கள். ஆவி வரவில்லை, ஃபேன் ஓடுகிறது என்றால் சில நிமிடம் ஐடிலில் விட்டுப் பார்க்கலாம். முள் இறங்காவிட்டாலும், ஆவி வந்தாலும், எஞ்சினை உடனே அணையுங்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் 120 டிகிரி வரை போன நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது போகட்டும். மேல் ஹோஸைத் துணி வைத்து அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கினால் அழுத்தம் போய்விட்டது. தடித்த துணியைப் போர்த்தி முதல் தட்டு வரை மட்டும் திருப்பி, மிச்ச ஆவியை விட்டபின் திறங்கள். கையில் இருக்கும் குடிதண்ணீர் பாட்டிலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

இருபக்கமும் கடல் இருக்கிறது என்பதற்காகக் கடல்நீரை மொண்டு ஊற்றிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், ஊற்றியவர்கள் உண்டு.

மீன் வண்டிக்கு மட்டும் ஏன் ரேடியேட்டர் சீக்கிரம் போகுது?

உள்ளே கூலன்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே உப்பு தின்றுகொண்டிருக்கிறது. பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் தண்ணீரில் மீனின் உப்பும் சேர்ந்து வருகிறது. அது சேசிஸ் மேலும் இரும்புக் குழாய்கள் மேலும் வழிகிறது. வடிதண்ணீருக்கு ஒரு நீளமான ஹோஸ் மாட்டிப் பின்னால் கொண்டுபோய் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சாலையில் வடியவிடாமல் கேனில் பிடித்தால் இன்னும் நல்லது, பின்னால் வரும் பைக்காரர் வாழ்த்துவார்.

ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை, ஃபின் என்பார்கள், விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அது குழாயோடு ஒட்டியிருக்கவில்லை, சூட்டைக் கடத்தவில்லை. அந்த ரேடியேட்டருக்கு எந்தக் கூலன்ட் ஊற்றியும் பலன் இல்லை. இதைத் தள்ளிப்போட, கடற்கரை ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் ஃபின் எல்லாம் மடங்கி, காற்றுப் போகும் வழி அடைபடும்.

ஃபேன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் ஒரு நாள் ஃபேன் சுற்றாது. இன்னொன்று, கூடுதல் லைட், ஏர் ஹாரன் மாட்டுகிறவர்கள் எர்த் கம்பியை ரேடியேட்டர் பிடிமானத்தில் முறுக்கிவிட்டுப் போவார்கள். எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாய்ந்து அரிப்பைக் கிளப்பும். எர்த்தை பாடியில் சுத்தமான இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

லாரிக்குக் கார் கூலன்ட்டையே ஊத்தலாமா?

கையேடு டி 6210 கேட்டால் அதையே ஊற்றுங்கள். பல பெரிய டீசல் எஞ்சின்களில் லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயின்) வெளிப்பக்கம் நேராகக் கூலன்ட்டில் நிற்கும். எரிப்பு அதிர்வில் லைனர் நடுங்க, அதன் மேல் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து உலோகத்தைக் குடையும். நாளடைவில் கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். கனரகக் கூலன்ட்டில் இதைத் தடுக்கவே நைட்ரைட் போன்ற மருந்து சேர்க்கிறார்கள். சாதாரணக் கார் கூலன்ட்டில் அது இருக்க வேண்டும் என்பதில்லை.

பைக்குக்கு?

ஸ்ப்ளெண்டர் மாதிரி காற்றில் குளிரும் வண்டிக்கு வேலையே இல்லை. ரேடியேட்டர் உள்ள பைக்குக்கு, சிலிகேட் இல்லாதது என்று கையேடு கேட்டால் அதை மட்டும்.

விசைப்படகு எஞ்சினுக்கும் இதே கூலன்ட்தானா?

எஞ்சினைச் சுற்றுவது எது என்று முதலில் பாருங்கள். கடல்நீர் நேராக பிளாக்குக்குள் போய் வெளியேறும் எஞ்சினில் கூலன்ட்டுக்கு இடமே இல்லை. கடல்நீரால் கூலன்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதில் இரண்டு சுற்று: ஒன்று எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் மூடிய சுற்று, கூலன்ட் அங்கே, மற்றது ரப்பர் இம்பெல்லர் கடலிலிருந்து இழுத்துவிடும் சுற்று. மூடிய சுற்றில் அளவு காரணமில்லாமல் குறைந்தாலும் ஏறினாலும் எக்ஸ்சேஞ்சர் குழாய் ஓட்டையா என்று பார்க்க வேண்டும். உப்பு கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். காரணம் அடுத்த பதிலில். கடல்நீர்ப் பக்கம் இருக்கும் துத்தநாகத் தண்டு, எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்கென்றே வைத்தது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையேறும்போது, பெயின்ட் அடிக்கும் கையோடு இதையும் கூலன்ட்டையும் முடித்துவிடலாம்.

பழைய கூலன்ட்டை எங்க கொட்டறது?

ஊரணியிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை, கருவேல மரத்தடியிலும் இல்லை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். ஆடும் நாயும் நக்கும், குழந்தை ஜூஸ் என்று குடிக்கும். பெரியவர்களுக்கே 100 மில்லி உயிரைப் பறிக்கலாம், சிறுநீரகம் போகும். தெரியாமல் யாராவது குடித்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் போனால்தான் உதவும். பழையதை மூடியுள்ள கேனில், மேலே எழுதி ஒட்டி வைத்து, கழிவைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய ஆயிலோடு கலக்காதீர்கள். மிச்சக் கூலன்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வண்டிக் கதவில் செருகி வைப்பதையும் நிறுத்துங்கள்.

எலக்ட்ரிக் கார் வாங்கப் போறேன். இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதுல்ல?

பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கவும் கூலன்ட் ஓடுகிறது. சிலவற்றுக்கு மின்சாரம் குறைவாகக் கடத்தும் தனி வகை வேண்டும். அளவை ரிசர்வ் டேங்கில் வெளியிலிருந்து பாருங்கள். குறைந்திருந்தால் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பாட்டில் வாங்கி நீங்களே ஊற்றுவது மட்டும் வேண்டாம்.